உயர்தரத்துக்குப் புவியியல் எடுத்து என்ன செய்வது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஓ.எல் பெறுபேறு வந்து, பிள்ளைகளுக்கு ஏ.எல் பாடம் பார்த்துக்கொண்டிருக்கும் உம்மா வாப்பாமார் நேரம் எடுத்து வாசித்தால் எனக்குப் போதும்.

கடந்த வாரம் ஒரு வாப்பா மகளையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். கரைவலைத் தொழில் செய்பவர். கலைப்பிரிவுக்கான படிவத்தில் மகள் தமிழ், இஸ்லாமிய நாகரிகம், புவியியல் என்று நிரப்பியிருந்தாள். அவர் மூன்றாவதில் விரலை வைத்தார்.

"சேர், இத வெட்டிட்டு வேற ஒண்டப் போடுங்க."

"ஏன் காக்கா?"

"புவியியல் எடுத்து என்ன செய்யிற? மெப் கீறிக்கிட்டு இரிக்கவா? ரிசல்ட்ஸ் வாற பாடமாப் பார்த்துப் போடுங்க."

மகள் ஒன்றும் பேசவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இரிக்கி காக்கா, யோசிச்சிச் செய்வம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பதினொரு வருடமாக இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறேன். அந்த நேரத்தில் ஒழுங்கான ஒரு பதில் வாயில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. இந்த மனிதரை நான் முன்பே ஓரிடத்தில் கண்டிருக்கிறேன். அவர் பேசியதையும் கேட்டிருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் கடலரிப்புச் சம்பந்தமாக ஊரில் ஒரு கூட்டம் நடந்தது. வந்த அதிகாரிகள் பெரிய படம் ஒன்றை மேசையில் விரித்தார்கள். நாங்கள் முப்பது, நாற்பது பேர் சுற்றி நின்றோம். படத்தில் பள்ளிவாசல் எங்கே, முகத்துவாரம் எங்கே என்று தேடுவதிலேயே கால் மணித்தியாலம் போனது. மேசையின் எந்தப் பக்கம் வடக்கு என்று ஒரு வாக்குவாதம் வேறு. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், நான் உட்பட ஆசிரியர்கள், எல்லோரும்தான் அங்கே இருந்தோம். அளவுத்திட்டத்தைப் பார்த்து, "இந்தக் கல் அணை எங்கள் கரையிலிருந்து எத்தனை மீற்றர் தூரத்தில் வரப்போகிறது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தெரியும். ஆனால் பெரியவர்கள் பேசுகிற இடம் என்று பின்னால் நின்றுவிட்டேன். அது என் பிழை.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து இந்தக் காக்கா சொன்னார்: "வாடைக்கு மண் தெக்கால போகும் சேர், கச்சானுக்கு வடக்கால திரும்பி வரும். நடுவுல கல்லப் போட்டா, திரும்பி வாற மண் எப்படி வார?"

அதிகாரி தலையாட்டினார். ஆனால் குறித்துக்கொள்ளவில்லை. படத்தில் காட்டச் சொன்னால் காட்ட அவருக்கும் தெரியாது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அவர் அன்றைக்குச் சொன்ன இரண்டு வசனமும் உயர்தரப் பௌதிகப் புவியியலில் கரையோர நிலவுருக்கள் என்ற பகுதியில் வருகிற விடயம். அலை கரைக்கு நேராக வராமல் சரிவாக வந்து அடிக்கும்போது, மணல் கரையோரமாக ஒரு திசையில் நகர்கிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் எங்கள் கரையில் அது தெற்கே தள்ளப்படும். தென்மேல் பருவக்காலத்தில் வடக்கே தள்ளப்படும். வருடம் முழுவதையும் கூட்டிக் கழித்தால், எங்கள் பகுதியில் வடக்கே போகிற மணலே கூட. அந்தப் பாதையில் கடலுக்குள் ஒரு தடையைக் கட்டினால் அதன் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் மணல் இல்லாமல் கடல் கரையைத் தின்னும்.

ஒலுவிலுக்குப் போய்ப் பாருங்கள். 2013 இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அலைதடுப்பு அணைக்குத் தெற்கே மணல் மேடாகிக் கிடக்கிறது, துறைமுக வாயிலே மணலால் அடைபட்டது. வடக்கே தென்னந்தோட்டமும் தோணி இழுத்து வைத்த இடமும் கடலுக்குள். பாறாங்கல் கொண்டுவந்து போட்டார்கள், அந்த இடத்தைக் காப்பாற்றுவதற்கு. அரிப்பு கல்லின் முனையைத் தாண்டி நிந்தவூர்ப் பக்கம் வடக்கே நகர்ந்தது. காக்கா கேட்ட கேள்விக்குக் கடலே பதில் சொல்லிவிட்டது.

அந்த மனிதர்தான் என்னிடம் வந்து, புவியியல் எடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்.

அவரில் குறையில்லை. அவர் அறிந்ததும் அவருடைய மகள் படிக்கப்போவதும் ஒன்றுதான் என்று காட்டாமல் விட்டது நாங்கள், இந்தப் பாடத்தைப் படிப்பிக்கிறவர்கள்.

கச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். (வறுத்துத் தின்கிற கச்சான் அல்ல!) ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து நெருப்பு மாதிரி ஒரு காற்று வீசும். உடுப்பு அரை மணித்தியாலத்தில் காயும், உதடு வெடிக்கும், கிணறு வற்றும். எங்கள் மூத்தம்மாமார் "கச்சான் தொடங்கிட்டு" என்பார்கள். அதே காற்றுத்தான் அதே நாட்களில் இரத்தினபுரியில் பெருமழையாகக் கொட்டுகிறது. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைநாட்டில் ஏறும்போது குளிர்ந்து, தன் ஈரத்தை மேற்குச் சரிவில் இறக்கிவிடுகிறது. பிறகு வெறும் காற்றாக எங்கள் பக்கம் இறங்குகிறது. வறண்ட காற்று 1000 மீற்றர் கீழே இறங்கினால் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடேறும். பிதுருதலாகலை 2524 மீற்றர். கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடத்தில் இதற்குப் பெயர் போன் காற்று. அல்ப்ஸ் மலையில் வீசுவது என்று நோட்ஸ் சொல்லுவோம். பிள்ளைகள் எழுதுவார்கள். "போன்" என்றவுடன் பின்வாங்கிலில் இருவர் சிரிப்பார்கள். வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே கச்சான் அடித்துக்கொண்டிருக்கும். ஜன்னலை மூடிவிட்டு அல்ப்ஸ் மலையை எழுதச் சொன்ன ஆசிரியன் நான்தான். முதல் மூன்று வருடமும் அப்படித்தான் படிப்பித்தேன். கொப்பி நிறையும், பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. பிறகு "இந்தப் பாடம் பாரம்" என்று அடுத்த வருடத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி போகும்.

இத்தனைக்கும் எனக்குக் கலாசாலையில் நல்ல பயிற்சி கிடைத்தது. விரிவுரையாளர் ஒருவர் எங்களை ஓடைக் கரைக்குக் கூட்டிப்போய், 10 மீற்றர் அளந்து, ஒரு தோடம்பழத்தைத் தண்ணீரில் போட்டு, அது கடக்கும் நேரத்தைக் கணிக்கச் செய்தார். ஓடையின் நடுவில் வேகம் கூட, ஓரத்தில் குறைவு. கரை ஒரு பக்கம் அரிபட்டு மறுபக்கம் மணல் சேர்வது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது இன்றைக்கும் மறக்கவில்லை. வேலைக்கு வந்த பிறகு நானும் மறந்துதான் போனேன். சிலபஸ் முடிக்க வேண்டும், கடந்தகால வினாத்தாள் செய்ய வேண்டும், மாதாந்தப் பரீட்சை வைக்க வேண்டும். தோடம்பழத்துக்கு எங்கே நேரம்?

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வந்தபடியால் இதையும் சொல்ல வேண்டும். எழுதக் கை வராத விடயம்.

எங்கள் கரையோரத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தை விரித்தால் சமவுயரக்கோட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவ்வளவு தட்டையான நிலம். மேற்கே இங்கினியாகலை, சேனாநாயக்க சமுத்திரம், கல்லோயாத் திட்டத்தின் வாய்க்கால்கள். எல்லாத் தண்ணீரும் கடைசியில் எங்கள் வயல்களையும் ஆறுகளையும் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் வாயில் மணல் திட்டு அடைத்திருக்கும். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று வயல்காரரும் மீன்பிடிக்கிறவர்களும் இழுபறிப்படுவதும் நாங்கள் காணாததல்ல. அதற்கு நடுவே உயர்த்திப் போட்ட வீதிகள் அணைக்கட்டு மாதிரிக் குறுக்கே நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எந்த இடத்தில் வீதியைக் கடக்கும் என்பது படம் வாசிக்கத் தெரிந்தவனுக்கு முன்கூட்டியே தெரியும்.

2024 நவம்பர் 26 அன்று காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் நடந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்ளட்டும். யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் "உழவு இயந்திரம்தானே, தாண்டிவிடும்" என்றுதான் நினைத்திருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. ஓடுகிற வெள்ளம் 60 சென்ரிமீற்றர் உயரம் இருந்தாலே பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போகும். தேங்கி நிற்கிற தண்ணீரின் கணக்கு வேறு, ஓடுகிற தண்ணீரின் கணக்கு வேறு. தோடம்பழத்தை வைத்து அளந்தது இதைத்தான். ஓர் ஊரில் பத்துப் பேருக்காவது இது மனப்பாடமாக இல்லாமல் உள்ளபடி தெரிந்திருக்க வேண்டும்.

சுனாமி வந்தபோது நான் பத்தாம் தரம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது எங்கள் நேரப்படி காலை 7 மணியளவில். அலை இங்கே வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் நாங்கள் தேநீர் குடித்தோம், ஞாயிற்றுக்கிழமை என்று கடற்கரையில் பந்து விளையாடினோம். நாட்டிலேயே அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம்.

அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி கடற்கரையில் நின்றாள். இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் பாடத்தில் படித்த அறிகுறிகளைக் கண்டு, சுனாமி வரப்போகிறது என்று தாய் தகப்பனிடம் அடம்பிடித்துச் சொல்லி, கடற்கரையையே வெறுமையாக்க வைத்தாள். அங்கிருந்த நூறு பேரளவில் தப்பினார்கள். இந்தக் கதையை எல்லோரும் பகிர்ந்திருப்பீர்கள். ஆனால் எங்களுக்கு முக்கியமான இன்னொரு விடயம் அதில் இருக்கிறது. கடலடி உடைவுக்குக் கிழக்கே இருந்த தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் பின்வாங்கியது. மேற்கே இருந்த எங்கள் பக்கம் முதலில் வந்தது உயர்ந்த அலை. அதன் பிறகுதான் வடிந்து, மறுபடி பெரிதாக வந்தது. ஆகவே "கடல் உள்ளே போனால் ஓடு" என்பதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதாது. முதல் அலை வடிந்ததும் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து நாட்டுக்கு எழுதிய பாடம் எங்கள் கரைக்கு அப்படியே பொருந்தாது. எங்கள் கரையைப் படிக்க எங்கள் பிள்ளைகள் வேண்டும்.

இனி, பெற்றோர் கேட்கிற நியாயமான கேள்விக்கு வருகிறேன். புவியியலுக்கு ஏ சித்தி கிடைக்குமா?

உண்மையைச் சொல்கிறேன். மனப்பாடம் செய்து மட்டும் கிடைக்காது. பௌதிகம், மானிடம், செயன்முறை என்று மூன்று பக்கமும் பிள்ளை வேலை செய்ய வேண்டும். படம் வாசிக்க வேண்டும், வரைபு கீற வேண்டும், சிறிய கணக்குகள் வரும். கணிதத்தைக் கண்டு பயந்து கலைப்பிரிவுக்கு வந்த பிள்ளைக்கு முதலாம் தவணை கஷ்டமாகத்தான் இருக்கும். இஸட் புள்ளியை நினைத்துப் பெற்றோர் பயப்படுவதை நான் குறைவாகப் பேசமாட்டேன். கடன்பட்டு ரியூஷனுக்கு அனுப்புகிறவர்களின் பயம் அது. ஆனால் செயன்முறைப் பகுதியில் ஒரு வசதி இருக்கிறது. சரியாகச் செய்தால் புள்ளி குறைக்க யாராலும் முடியாது. கட்டுரை மாதிரி, வாசிப்பவரின் மனநிலையில் அது தங்கியிருப்பதில்லை.

எந்தப் பாடத்தையும் நான் தாழ்த்திச் சொல்லவில்லை. இஸ்லாமிய நாகரிகமும் தமிழும் நானும் படித்த பாடங்கள்தான். பிரச்சினை, ஓ.எல்லில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைக்கு ஒரு பட்டியல், மிஞ்சினவர்களுக்குப் புவியியல் என்று நாங்களே தரம் பிரித்து வைத்திருப்பதில்தான். பிறகு பெறுபேறு வரவில்லை என்று பாடத்தைக் குறை சொல்கிறோம்.

தொழில்? நிச்சயமான வேலை எந்தக் கலைப்பாடத்துக்கும் இல்லை, இதற்கும் இல்லை. ஆனால் வாசல்கள் இருக்கின்றன. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை இருக்கிறது, அதே ஒலுவிலில், அந்தக் கடலரிப்புக்குப் பக்கத்திலேயே. பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. புவியியல் தகவல் முறைமை, அதாவது ஜிஐஎஸ், படித்த பிள்ளைக்கு நகரத் திட்டமிடல், அனர்த்த முகாமைத்துவம், நீர்ப்பாசனம், கரையோரம் பேணல் என்று பல இடங்களில் தேவை இருக்கிறது. வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளும் மூன்றாவது பாடமாக இதை எடுக்கலாம் என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. அந்த மேசையில் படத்தை விரிக்கிற பக்கத்தில் எங்கள் பிள்ளை ஒன்று ஒரு நாளைக்கு நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மீலாத் மேடைகளில் நாங்கள் பெருமையாகப் பேசுவோம்: அல் இத்ரீஸி 1154 இல் உலகப்படம் வரைந்தார், அல் பிரூனி ஒரு மலை உச்சியில் நின்று பூமியின் ஆரையைக் கணித்தார் என்று. கைதட்டுவோம். மறுநாள் மகள் அதே பாடத்தைக் கேட்டால், மெப் கீறிக்கிட்டு இருக்கவா என்போம். (இத்ரீஸியின் படத்தில் தெற்குத்தான் மேலே. அந்தக் கூட்டத்தில் எங்கள் ஆட்கள் பட்ட பாட்டுக்கு அது கொஞ்சம் ஆறுதல்.)

இப்போது நான் வகுப்பை முடிந்தவரை வெளியே எடுக்கிறேன். கடந்த முறை பிள்ளைகள் மிகவும் விரும்பியது கிப்லாப் பரிசோதனை. வருடத்தில் இரண்டு முறை, மே 28 அளவிலும் ஜூலை 16 அளவிலும், சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் வரும். எங்கள் நேரப்படி முதலாவது பிற்பகல் 2.48, இரண்டாவது 2.57. பாடசாலை விட்ட பிறகு மைதானத்தில் ஒரு கம்பை நேராக நட்டோம். அந்த நிமிடத்தில் விழுந்த நிழலின் நேர் எதிர்த்திசை கிப்லா. திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை வடக்கே. "மக்கா எங்களுக்கு வடமேற்கா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அகலக்கோடு, நெடுங்கோடு, பூமி உருண்டை என்பதால் கிட்டிய பாதை வளைந்து போவது, சூரியன் கடகக் கோட்டுக்குப் போய்த் திரும்புவது, எல்லாவற்றையும் அந்த ஒரு கம்பில் படிப்பித்து முடித்தேன். நோட்ஸ் ஒன்றும் கொடுக்கவில்லை. தவணைப் பரீட்சையில் அந்த வினாவை விட்ட பிள்ளை ஒன்றுமில்லை.

அந்தக் காக்காவுக்கு முகநூல் இல்லை. மூத்த மகன் கட்டாரில் இருக்கிறார், அவர் இதை வாசித்தால் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். படிவத்தை நான் இன்னும் அனுப்பவில்லை, மேசையில் இருக்கிறது. நாளை அஸர் தொழுதுவிட்டு எங்கள் பகுதியின் இடவிளக்கப்படத்தை எடுத்துக்கொண்டு கரைவலை இழுக்கிற இடத்துக்கு வருகிறேன். வாடைக்கு மண் எங்கே போகிறது, கச்சானுக்கு எங்கே திரும்புகிறது என்று அவர் சொல்லட்டும். படத்தில் அதை மகள் குறிக்கட்டும். குறித்து முடித்த பிறகும் வெட்டச் சொன்னால், அவர் முன்னாலேயே வெட்டித் தருகிறேன்.